கதைக்குள் நில்லாதவர்கள்: வெண்முரசின் குடிகள் குறித்து

தமிழில் மிகுபுனைவு நாவல் வரிசைகள் இல்லையே என்ற குறை இலக்கிய நண்பர்களின் பேச்சில் அவ்வப்போது தலைகாட்டும். ஆங்கிலத்தில் டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதன்பின் கற்பனை நிலங்களையும் கற்பனைக் குடிகளையும் மந்திரத்தையும் கொண்டு ஆயிரக்கணக்கான பக்கங்கள் விரியும் நாவல்களுக்கு அங்கே ஒரு மரபே உருவாகிவிட்டது. இங்கே ஏன் அது நிகழவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்று உண்டு. டோல்கீன், தன் நாடான இங்கிலாந்துக்கென்று முழுமையான ஒரு தொன்மம் இல்லையே என்ற ஏக்கத்தோடு எழுதத் தொடங்கியவர். நமக்கு அந்த ஏக்கம் இல்லை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வசிக்கும் நான் மலையிறங்கிப் பழனிக்குச் சென்றால், தண்டாயுதபாணி நிற்கும் மலைக்கு அருகிலேயே இடும்பன் மலை இருக்கிறது. சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்துவந்த அசுரனின் பெயரால் ஒரு மலை. அவனை வணங்கிவிட்டுத்தான் முருகனை வணங்கவேண்டும் என்பது அங்குள்ள மரபு. அசுரனுக்குக் கோயிலும் பூசையும் உள்ள நாட்டில் 'மிகுபுனைவு' என்று தனியாக ஒரு பெயர்ப்பலகை தேவைப்படுவதில்லை.

பெயர்ப்பலகை இல்லை என்பதால் பொருளும் இல்லை என்றாகிவிடாது. பல குடிகள், மாயம், முடிவற்று விரியும் நிலம், பல்லாண்டுக்காலம் தொடர்ந்த வெளியீடு என்று அந்த வகை நாவல்களின் இலக்கணத்தை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தால், அனைத்தும் பொருந்தும் நாவல் வரிசை ஒன்று தமிழில் இருக்கிறது. ஜெயமோகன் மகாபாரதத்தை மறுபுனைவாக எழுதிய 'வெண்முரசு' அது. 'முதற்கனல்' தொடங்கி 'முதலாவிண்' வரை 26 நாவல்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இதை மிகுபுனைவு என்று அழைத்தால் அதன் வாசகர்கள் சிலர் வருந்தக்கூடும். வகைப்பெயர் குறித்த விவாதத்தை இங்கே நான் தொடங்கவில்லை. இந்த நாவல்களில் வரும் குடிகளைப் பற்றி, அதிலும் குறிப்பாகக் காட்டில் வாழும் குடிகளைப் பற்றி, ஒரு மலையூரில் இருந்துகொண்டு வாசித்தவன் என்ற முறையில் எனக்குச் சொல்வதற்குச் சில உண்டு.

*

முதலில் வெளியீடு பற்றி. 2014 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கி 2020 ஜூலை வரை, ஒரு நாவலுக்கும் அடுத்த நாவலுக்கும் இடையிலான சிறு இடைவெளிகள் தவிர, நாளுக்கு ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் இணையத்தில் வெண்முரசு வெளிவந்தது. அச்சு நூல்கள் பின்னால் வந்தன. நற்றிணை, கிழக்கு, விஷ்ணுபுரம் என்று பதிப்பகங்கள் மாறின. ஷண்முகவேலின் ஓவியங்கள் பல வாசகர்களின் மனதில் கதைமாந்தருக்கு முகம் கொடுத்தன. ஆனால் வெண்முரசின் உண்மையான வெளியீட்டுக் களம் அச்சு அல்ல, இரவுதான். நள்ளிரவில் பதிவேறும் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தூங்கச் சென்றவர்களும், விடிந்ததும் முதல் வேலையாக அதைப் படித்தவர்களுமாக அதன் வாசகர்கள் இரு வகையினராக இருந்தார்கள். நான் இரண்டாம் வகை. நாயுடுபுரத்தில் மூடுபனி இறங்கிய இரவுகளில் இணையம் நம்பத்தக்கதல்ல. விடியலில் சமையலறைச் சன்னலருகே மட்டும் ஒரு கோடு கிடைக்கும்.

தமிழ்ச் சமூகத்துக்கு இது புதிய வழக்கமல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக நாட்கணக்கில் நடக்கும். மழை வேண்டி விராட பருவம் வாசிப்பது பல ஊர்களில் இருந்த வழக்கம். பாரதத்தைத் தமிழாக்கிய செய்தி பாண்டியரின் சின்னமனூர்ச் செப்பேட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தச் சின்னமனூர் எங்கள் மலைத்தொடரின் தென்மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். இருபதாம் நூற்றாண்டில் கும்பகோணத்திலிருந்து ம. வீ. இராமானுஜாசாரியார் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உழைத்து, வியாச பாரதத்தின் தமிழ் உரைநடைப் பதிப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டு 1932இல் நிறைவுசெய்தார். வெண்முரசு வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அருட்செல்வப் பேரரசன் கிசாரி மோகன் கங்குலியின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தமிழாக்கி இணையத்தில் வெளியிட்டு, 2020 ஜனவரியில் முடித்தார். பாரதம் தமிழில் எப்போதும் தவணைமுறையில்தான் வந்திருக்கிறது.

தவணைக்கு ஒரு பயன் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்தபோது எங்கள் மலையிலும் மரங்கள் சாய்ந்தன, பாதைகள் அடைபட்டன, நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது வெண்முரசில் குருக்ஷேத்திரப் போர் நடந்துகொண்டிருந்தது. விளக்கு வந்தபின், தேங்கிக் கிடந்த அத்தியாயங்களை ஒரே அமர்வில் படித்தேன். நாளுக்கு ஒன்றாகப் படித்தபோது ஒவ்வொரு சாவும் அந்த நாள் முழுவதும் உடன் இருந்தது. மொத்தமாகப் படித்தபோது அது எண்ணிக்கையாகிவிட்டது. சிறிய குடி ஒன்றின் சிறிய தலைவன் ஒருவன் விழும் அத்தியாயம், பெரிய வீரர்களின் சாவுகளுக்கு நடுவே கண்ணில் படாமலே போயிற்று. பிறகு திரும்பச் சென்று அதை மட்டும் ஒரு நாள் வைத்துப் படித்தேன். வெண்முரசில் பேரரசர்களுக்கு இணையாக நிஷாதர்களும் கிராதர்களும் நாகர்களும் இடம்பெற முடிந்ததற்கு, நாளுக்கு ஓர் அத்தியாயம் என்ற இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அன்றைய அத்தியாயம் யாருடையதோ, அன்று அவர்களே கதையின் மையம்.

*

இனி குடிகள். டோல்கீன் மொழிகளை முதலில் உருவாக்கி, அந்த மொழிகளைப் பேசுவதற்கு மக்களை உருவாக்கியவர் என்பார்கள். வெண்முரசின் முறை வேறு. அது நிலத்தை முதலில் வைக்கிறது. 'மழைப்பாடல்' நாவலில் காந்தாரத்தின் பாலையைக் கண்டபின் சகுனியின் குணத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பாலையின் காத்திருப்பும் பசியும் அவனிடம் இருக்கின்றன. 'வண்ணக்கடல்' நாவலில் தென்தமிழகத்திலிருந்து அஸ்தினபுரிக்குப் புறப்படும் இளநாகன் என்ற பாணன், நிலம் நிலமாகக் கடந்து செல்கிறான். ஒவ்வொரு நிலத்திலும் அந்த நிலத்தின் அசுரர் கதைகளைக் கேட்கிறான். முதல், கரு, உரி என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் தொல்காப்பிய முறைதான் இது. நிலமும் பொழுதும் முதலில்; அதில் தெய்வம், மக்கள், விலங்கு, பறை; அதன்பிறகே ஒழுக்கம். உலகை உருவாக்குவதற்குத் தமிழிடம் இருக்கும் இந்தப் பழைய இலக்கணம், பாரதவர்ஷம் முழுமைக்கும் விரித்துப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதே தமிழ் மாணவனாக எனக்கு வெண்முரசு தந்த முதல் மகிழ்ச்சி. இறுதிப் பகுதி நாவல்களில் ஒன்றுக்குக் 'களிற்றியானை நிரை' என்று அகநானூற்றின் முதற்பகுதிப் பெயரையே இட்டிருப்பதும் இதற்குப் பொருத்தமானதே.

காவியங்களில் காட்டுக்குடிகள் மூன்று வழிகளில் நுழைகிறார்கள்: போர், மணம், சாபம். இடும்பன் பீமனோடு பொருது மாண்டான். அவன் தங்கை இடும்பி பீமனை மணந்தாள். பழனித் தலபுராணத்தில் இன்னொரு இடும்பன். அங்கே இடும்பி அவன் மனைவி. குன்றின்மேல் நின்ற சிறுவனோடு பொருது அவனும் மாண்டான்; மனைவியின் மன்றாட்டினால் உயிர்பெற்று அந்த மலைக்கே காவலனானான். வள்ளி வேடர் மகள். முருகனின் மணத்தால் காவியத்துக்குள் வருகிறாள். உலூபி நாகர் மகள். அர்ஜுனனின் மணத்தால் வருகிறாள். ஏகலவ்யன் விரலைக் கொடுத்து வருகிறான். தட்சகன் எரிந்த காட்டுக்குப் பழிவாங்கி வருகிறான்.

இந்த மூன்று வழிகளையும் வெண்முரசு மாற்றவில்லை. அவற்றின் வழியே வருகிறவர்களின் வீட்டுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. 'பிரயாகை' நாவலின் இடும்பவனத்தில் இடும்பர்கள் மர உச்சிகளின் வழியே வாழ்கிறார்கள். அவர்களுக்கென்று மணமுறை, இறப்புமுறை, மூதாதையர் அனைத்தும் உண்டு. அங்கே தரையில் நடக்கும் பீமன்தான் வினோதமான விலங்கு. 'நீர்க்கோலம்' நாவலில் பாண்டவர் மறைந்து வாழும் விராட நாடு நிஷாதர்களின் அரசாகவே வருகிறது. 'முதற்கனல்' நாவலோ வேசர நாட்டில் நாகர்குலத் தலைவி மானசாதேவி தன் மகன் ஆஸ்திகனுக்கு, நாகங்களிலிருந்து உலகம் தோன்றிய கதையைச் சொல்வதோடு தொடங்குகிறது. ஜனமேஜயனின் சர்ப்ப வேள்வியை நிறுத்தப்போகும் சிறுவன் அவன். குருகுலத்துக் கதையின் முதற்சொல் நாகர் பெண்ணின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. வியாச பாரதத்திலும் நாகர்களின் கதை தொடக்கத்திலேயே வருகிறது என்றாலும், அங்கே அது சூதர் சொல்லும் செய்தி. இங்கே ஒரு தாய் மகனுக்குச் சொல்வது.

*

மாயம் எங்கே நிகழ்கிறது என்று கவனித்துக்கொண்டே வந்தால் வெண்முரசில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அரண்மனையில் அநேகமாக மாயம் இல்லை. கௌரவர் நூற்றுவர் நெய்க்குடங்களில் பிறக்கவில்லை. காந்தாரியோடு அவள் தங்கையரும் திருதராஷ்டிரரை மணக்க, அவர்கள் அனைவரின் பிள்ளைகளாகப் பிறக்கிறார்கள். சூதவையில் திரௌபதியின் மானம் காத்த முடிவற்ற ஆடை, அங்கிருந்த பெண்களின் மேலாடைகளாக வருகிறது. நகரத்தில் அற்புதம் என்பது மனிதர் செய்வது. ஆனால் கதை நகரைவிட்டு வெளியேற வெளியேற மாயம் அடர்கிறது. சூதர் பாட்டிலும், காய்ச்சலிலும், கனவிலும், காட்டிலும் உருமாற்றங்கள் நிகழ்கின்றன. 'கிராதம்', 'மாமலர்' ஆகிய நாவல்களில் எது வழி, எது காட்சி என்று பிரித்தறிய முடியாது.

இதை ஓர் உத்தியாக மட்டும் நான் பார்க்கவில்லை. மாயம் இங்கே தோற்றவர்களின் நினைவாக இருக்கிறது. நிலத்தை இழந்த குடிக்கு எஞ்சுவது பாட்டு. அந்தப் பாட்டில் அவர்கள் பாம்பாகவும் முகிலாகவும் பறவையாகவும் இருக்கிறார்கள். நகரமும் அவர்களைப் பாம்பு என்கிறது. அவர்களும் தம்மைப் பாம்பு என்கிறார்கள். சொல் ஒன்றுதான். நகரத்தின் வாயில் அது வசை. அவர்கள் வாயில் அது குலப்பெயர்.

தொன்மங்களுக்குப் பகுத்தறிவு விளக்கம் சொல்வோர், நாகர் என்போர் பாம்பைக் குலக்குறியாகக் கொண்ட பழங்குடி என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னதுமே, அந்தக் குடி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது முழுவதும் பறிபோய்விடுகிறது. நாகர்களை வெறும் பாம்புகளாகவே விட்டால் காண்டவத்தில் எரிந்தவர் யார் என்ற கேள்வியே எழாது. வெறும் மனிதர்களாக ஆக்கினால் அவர்கள் எதை இழந்தார்கள் என்பது தெரியாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வெண்முரசு மாயத்தைப் பயன்படுத்துகிறது. போகரின் பெயரால் பழனியிலும் பூம்பாறையிலும் பாடாணச் சிலைகளை வணங்கும் எங்கள் மலைப்பகுதி மக்களுக்கு இந்த இரட்டைநிலை அந்நியமானதல்ல.

*

காண்டவ தகனத்தைப் பாடம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் என் குரல் சற்றுத் தடுமாறும். வில்லிபாரதத்தில் அது ஒரு சருக்கம். தீக்கடவுளின் பசிக்காகக் காடு எரிகிறது. கண்ணனும் அர்ஜுனனும் இரு பக்கமும் நின்று எந்த உயிரும் தப்பாமல் காக்கிறார்கள். இந்திரன் பெய்யும் மழையை அம்புக்கூடம் தடுக்கிறது. தப்பிய மயன் பாண்டவர்க்கு மண்டபம் கட்டுகிறான். அந்த மண்டபத்தில் துரியோதனன் வழுக்கி விழுகிறான். அந்த அவமானம் சூதாட்டமாகிறது, சூது போராகிறது. எரிந்த காட்டின் மேல் எழுந்த மண்டபத்திலிருந்தே குலநாசம் தொடங்குகிறது. இதைச் சொல்லிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தால், 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் முதல் வீடுகளைக் கட்டிய ஊர் தெரிகிறது. 1863இல் ஓடையைத் தடுத்து உண்டாக்கிய ஏரி. சோலைக்காடு இருந்த சரிவுகளில் வாட்டிலும் யூக்கலிப்டசும் பைனும். நாயுடுபுரம் என்ற பெயரே மேலேறி வந்தவர்களின் பெயர்தான். நானும் அப்படி ஏறி வந்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் பளியர் குடியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாதவர். வெண்முரசின் இடும்பவன அத்தியாயங்களை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். காட்டுக்குடியை இவ்வளவு மதிப்போடு எழுதிய பக்கங்கள் நவீனத் தமிழில் குறைவு என்பதால், அவருக்கு அவை மகிழ்ச்சி தரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு வாரம் கழித்துத் தாள்களை மடியாமல் திருப்பித் தந்தார்.

"மரத்து மேல போறதெல்லாம் நல்லா எழுதிருக்காங்கய்யா. எங்க தாத்தா தேனெடுக்கப் போறத பாத்த மாதிரியே இருந்துச்சு" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "ஆனா ஒரு வெளியாளு வந்து சண்டைக்கு நின்னா எங்காளுங்க நிக்க மாட்டாங்க. ராத்திரியோட ராத்திரியா எந்திரிச்சு வேற பக்கம் போயிருவாங்க. அப்பறம் கதையே இருக்காதுங்கய்யா" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவர் சொன்னதை ஆய்வாளர்கள் வேறு மொழியில் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1962 முதல் தமிழகத்துப் பளியர்களிடையே தங்கி ஆராய்ந்தவர். வன்முறையைத் தவிர்ப்பதையே வாழ்முறையாகக் கொண்ட மக்கள் என்று அவர்களை அவர் விவரிக்கிறார். ஒருவரையொருவர் தாழ்த்தாதிருத்தல், போட்டியிடாதிருத்தல், பூசல் மூண்டால் விலகிச் செல்லுதல்: இவையே அவர்களின் அறம். கட்டளையிடும் தலைவன் என்று ஒருவன் அங்கே கிடையாது. உலகின் அமைதியான சமூகங்களைப் பற்றிப் பேசும் ஆய்வுகளில் பளியர்களின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. பழனிமலையின் காப்பித் தோட்டங்களில் அவர்களைக் கூலிக்கு வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் யோசித்ததுண்டு.

அந்த மாணவரின் ஒரு வாக்கியம், போர், மணம், சாபம் என்று நான் போட்டுவைத்திருந்த கணக்குக்கு வெளியே நின்றது. எதிர்த்து நின்றவர்கள் காவியத்தில் அசுரர் ஆனார்கள். மணந்தவர்கள் அரசியர் ஆனார்கள். சபித்தவர்கள் நாகர் ஆனார்கள். விலகிப் போனவர்கள் எதுவும் ஆகவில்லை. தோற்றவர்களுக்குக் குரல் கொடுப்பது இன்றைய இலக்கியத்தின் அறம் என்று நாம் கருதுகிறோம். வெண்முரசு அதை ஒரு பேருருவில் செய்திருக்கிறது. ஆனால் தோற்பதற்கும் முதலில் களத்தில் நிற்கவேண்டும். நிற்க மறுத்தவன் தோற்றவனும் அல்லன். அவனை எந்தப் பட்டியலில் எழுதுவது?

டோல்கீனிடம் இதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பது வியப்புக்குரியது. போருக்கு விரையும் குதிரைப்படைக்குக் காட்டின் மறைவழியைக் காட்டித்தரும் காட்டுமனிதர்கள் அவர் நாவலில் வருகிறார்கள். அவர்களின் தலைவன் கான்-புரி-கான் கூலியாகக் கேட்பது ஒன்றே: போர் முடிந்தபின் எங்களைக் காட்டில் தனியே விட்டுவிடுங்கள், விலங்குகளைப்போல வேட்டையாடாதீர்கள். வென்ற அரசன் கடைசியில் அந்தக் காட்டை அவர்களுக்கே அளித்து, அவர்கள் இசைவின்றி எவரும் அதனுள் நுழையலாகாது என்று அறிவிக்கிறான். அவர்கள் பதிலுக்கு முகம்காட்டுவதில்லை. முரசொலி மட்டும் கேட்கிறது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் நாவலில் அவர்களுக்குக் கிடைப்பது சில பக்கங்களே. அதிலும் அவர்கள் போருக்கு உதவியதால்தான் அந்தப் பக்கங்கள் கிடைக்கின்றன. நம் நாட்டில் வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. அரசன் முரசறைந்து கொடுத்த உரிமைக்கும், படிவம் நிரப்பி, சான்று இணைத்து, கிராமசபைத் தீர்மானம் பெற்றுக் கோரவேண்டிய உரிமைக்கும் இடையில் நீண்ட தொலைவு இருக்கிறது. வேண்டாம் என்று விலகிப் போவதையே அறமாகக் கொண்டவர்களைப் பார்த்து, முன்வந்து கேள், நிரூபி என்று சொல்கிற சட்டம் அது.

*

இது வெண்முரசின் குறையா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. காவியம் என்ற வடிவத்தின் எல்லை இது. போரை நோக்கிச் செல்லும் கதையில், போரை நோக்கிச் செல்லாதவர்களுக்கு நிற்க இடமில்லை. ஒரு நாவலாசிரியர் அந்த எல்லையின் விளிம்பு வரைக்கும் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அப்பால் யாரோ இருக்கிறார்கள் என்பதாவது தெரிகிறது. மானசாதேவியின் குரலைக் கேட்டுப் பழகாத காதுக்கு அந்த மாணவரின் வாக்கியமும் கேட்டிருக்காது என்றே எண்ணுகிறேன்.

எங்கள் மலைகளில் இதற்கு இன்னும் பழைய சான்றுகள் உண்டு. பேத்துப்பாறையிலும் தாண்டிக்குடியிலும் வேறு பல இடங்களிலும் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் நிற்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்தவை. செண்பகனூர் இயேசு சபைத் துறவியர் ஆங்லாட், நியூட்டன் இருவரும் இவற்றை அளந்து வரைந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. இத்தகைய கல்திட்டைகளைத் தமிழகத்தின் பல பகுதிகளில் பாண்டவர் வீடு என்பார்கள். சில இடங்களில் குள்ளர் வீடு என்பார்கள். யார் கட்டியிருப்பார்கள் என்ற கேள்விக்கு நம் மக்கள் மனம் இரண்டே விடைகளை வைத்திருக்கிறது: ஒன்று காவிய நாயகர்கள், அல்லது மாயக் குள்ளர்கள். இங்கே வாழ்ந்து, இறந்தவருக்காகக் கல் சுமந்து, பின் மறைந்துபோன சாதாரண மனிதர்கள் என்ற மூன்றாவது விடை எவருக்கும் தோன்றுவதில்லை. காவியமும் மாயமும் மனிதரை நினைவில் நிறுத்தவும் செய்யும், மறைக்கவும் செய்யும்.

யாதவர்களின் அழிவைச் சொல்லும் நாவலுக்குக் 'கல்பொருசிறுநுரை' என்று பெயர். குறுந்தொகைப் பாடல் ஒன்றின் தொடர் அது. அந்தப் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது; அந்தத் தொடராலேயே அவரைக் கல்பொரு சிறுநுரையார் என்று அழைக்கிறோம். 2020இன் பொதுமுடக்கக் காலத்தில், சுற்றுலா வண்டிகள் ஏதும் வராத கொடைக்கானலில் இருந்து அந்த நாவலைப் படித்தேன். பாறையில் மோதிக் கரையும் நுரைக்குக்கூட ஓர் ஒலி இருக்கிறது, அதனால் ஒரு பாட்டும் கிடைத்தது. பாறையைச் சுற்றிக்கொண்டு போன நீரைப் பற்றி யார் பாடியிருக்கிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த மாணவர் பட்டம் பெற்றுச் சமவெளியில் ஒரு வேலைக்குப் போய்விட்டார். காண்டவ தகனத்தை நான் இப்போதும் நடத்துகிறேன். எரியும் காட்டிலிருந்து தப்பியவர் எத்தனை பேர் என்ற வழக்கமான வினாவுக்கு மாணவர்கள் சரியாகவே விடை சொல்கிறார்கள்: தட்சகன் மகன் அசுவசேனன், மயன், நான்கு சார்ங்கப் பறவைக் குஞ்சுகள், ஆக அறுவர். அதன்பிறகு இன்னொரு வினாவைக் கேட்கிறேன். தீ வைப்பதற்கு முந்தைய இரவே எழுந்து காட்டைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அதற்கு எந்தப் பருவத்திலும் கணக்கு இல்லை. வெண்முரசின் 26 நாவல்களிலும் இல்லை.